சம்பந்திக்கு ஐந்து சதவீதம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் என் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். நலமாக இருக்க நம் இரண்டு வீட்டிலும் யாருக்கும் ஒரு காரணமும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் முப்பத்தோரு வருடம் அலுவலகக் கடிதம் எழுதிய கை, மரியாதை வரிகளைத் தாண்டிக் குதிக்க மறுக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு நாட்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இந்தப் போருக்கு யார் காரணம் என்று உங்களுக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதத்தில் நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு வெளியேறினீர்கள். நீங்கள் போன ஒரு மணி நேரத்தில் உங்கள் மகள் இரண்டு பைகளில் துணியை அடைத்துக்கொண்டு, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். அப்பாவைச் சமாதானப்படுத்திவிட்டு இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நானும் சும்மா இருந்தேன். வரவில்லை. நீங்கள் அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டீர்கள் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. மகன் போரில் போன பிறகு இந்த வீட்டில் பேத்தியின் சத்தம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டால் நானும் என் மனைவியும் எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது? அவர்கள் இருவரையும் உடனே திருப்பி அனுப்பி வைக்க வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் நோக்கம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் முதலில் யார் கூப்பிடுவது என்ற பிரச்சினை இருக்கிறது. மருமகளை நேராகக் கூப்பிடலாம் என்றால், அவள் போனை உங்கள் கையில் கொடுத்துவிடுவாளோ என்ற பயமும் இருக்கிறது.

சண்டையை ஆரம்பித்தது நீங்கள்தான் என்பதை முதலில் நிறுவிவிடுகிறேன். நான் பஸ் டிப்போவில் விபத்து விசாரணை அலுவலராக இருந்தவன். எங்காவது மோதல் என்று தகவல் வந்தால் டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போய், டயர் தேய்ந்த தடத்தை அளந்து, யார் மேல் எத்தனை சதவீதம் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. டிரைவர் அறுபது, சைக்கிள்காரர் முப்பது, மழை பத்து. மழை ஒருநாளும் மேல்முறையீடு செய்ததில்லை. எங்கள் முறையில் மோதலுக்கு முந்தைய கடைசி ஐம்பது மீட்டர்தான் கணக்கு. டிரைவருடைய தாத்தா எப்படிப்பட்டவர் என்று நாங்கள் கேட்பதில்லை. நீங்களோ மருந்துக் கடைக்காரர். இருமல் என்று வந்து நிற்கிறவரிடம், சின்ன வயதில் பால் ஒழுங்காகக் குடித்தீர்களா என்று விசாரிக்கிற ஆள். எல்லைப் பாலத்தைப் பிடித்தது அவர்கள் என்று நான் சொன்னால், அதற்கு முந்தைய வருடம் ஆற்றுத் தண்ணீரை மறித்தது நாம் என்கிறீர்கள். அதற்கும் முன்னால் நம் ரோந்துப் படகைச் சுட்டது அவர்கள் என்று நான் சொன்னால், நம் அப்பாக்கள் காலத்து ஒப்பந்தத்துக்குப் போய்விடுகிறீர்கள். அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மனிதன் மரத்தைவிட்டு இறங்கியதே தப்பு என்பதில் கொண்டுபோய் முடித்திருப்பீர்கள்.

உங்களுக்குப் புரியட்டும் என்றுதான் மேசையிலேயே வரைபடம் போட்டேன். தண்ணீர்ச் சொம்பு ஆறு, கரண்டி பாலம், உப்புக் கிண்ணம் நம் எல்லைச் சாவடி. நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் சாவடியைத் தூக்கி உங்கள் பக்கம் வைத்துக்கொண்டீர்கள். உப்பு வேண்டியிருந்தது என்பது உங்கள் வாதம். சம்பவ இடத்தில் எந்தப் பொருளையும் நகர்த்தக் கூடாது என்பது விசாரணையின் முதல் விதி. அந்தக் கிண்ணத்தை நான் இழுக்க, நீங்கள் இழுக்க, சொம்பு கவிழ்ந்து ஆறு முழுவதும் உங்கள் தட்டுக்குள் புகுந்தது. மருமகள் துணியைக் கொண்டுவந்து துடைத்தாள். துடைப்பதற்காக நாம் இரண்டு பேரும் கையைத் தூக்கிக் கொடுத்தோமே தவிர வாயை மூடவில்லை. அப்போதுதான் நீங்கள், "உங்க பையனைக் கொன்னது நம்ம ஆளுங்கதான்" என்றீர்கள். நான், "அவங்க பக்கம் பேசறதுன்னா அங்கயே போய்ச் சாப்பிடுங்க" என்றேன். இப்படிச் சொன்னது தவறு. சாப்பிடுகிறவரைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் முதலில் உப்பை நகர்த்தியது நீங்கள்.

இந்த வழக்கை வாயால் பேசித் தீர்க்க முடியாது என்பதால் முறைப்படி விசாரிக்க முடிவு செய்தேன். ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த பழைய விபத்து ஃபாரம் ஒரு கட்டு அலமாரியில் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் பேத்தி அதில் படம் வரைவாள். அவள் வரையாத ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். வாகனம் ஒன்று, வாகனம் இரண்டு என்ற இடத்தில் இரண்டு நாடுகளையும் எழுதினேன். ஓட்டுநர் மது அருந்தியிருந்தாரா என்ற கேள்விக்கு இரண்டு தலைவர்களுக்கும் 'தெரியவில்லை' என்று போட்டேன். ஹாரன் அடிக்கப்பட்டதா? ஆம், இரண்டு பக்கமும், இரண்டு வருடமாக. பிரேக் போடப்பட்டதா? இல்லை, தடம் எதுவும் காணப்படவில்லை. பயணிகள் எச்சரிக்கப்பட்டார்களா? பயணிகள்தான் கைதட்டினார்கள். இதுவரைக்கும் வேலை சுலபமாகத்தான் போனது.

அடுத்தது உயிரிழந்தோர் பெயர் என்ற கட்டம். அதில் நான்கு கோடுகள்தான் உண்டு. டிப்போவில் அதுவே அதிகம் என்று நினைத்து அச்சடித்திருப்பார்கள். முதல் கோட்டில் என் மகன் பெயரை எழுதினேன். வயது முப்பத்தொன்று, தொழில் பிரேக் ஃபிட்டர். இரண்டாவது கோட்டில் பால்காரம்மாவின் பெரிய மகன், மூன்றாவதில் சின்ன மகன். நான்காவதில் எதிர்வீட்டுத் தையல்காரரின் மனைவி. அந்த அம்மாள் போருக்கே போகவில்லை, தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றிருந்தார். கட்டம் நிறைந்துவிட்டது. எங்கள் தெருவில் நான்காவது வீட்டைக்கூட நான் இன்னும் தாண்டவில்லை. 'இடம் போதாவிடில் தனித்தாள் இணைக்கவும்' என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. தனித்தாள் எடுத்து வைத்தேன். அதை வெள்ளையாகவே மடித்து ஃபாரத்துக்குள் வைத்துவிட்டேன், சம்பந்தி.

அப்புறம் சாட்சிகளைப் பார்க்கப் போனேன். மாடிவீட்டு ரேடியோக்காரரை உங்களுக்குத் தெரியும். போர் தொடங்கியதிலிருந்து செய்தியைத் தெருவுக்கே கேட்கும்படி வைப்பவர். அவர் எதிரியின் மேல் நூறு சதவீதம் என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றால் நூற்றிருபது போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நூறுக்கு மேல் போட முடியாது என்று நான் விதியைச் சொன்னதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். முடிதிருத்தும் கடைக்காரர், நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரும் ஒவ்வொருவர் மேல் பழி போடுகிறார்கள் என்றும், எல்லோருக்கும் தான் ஆமாம் போடுவதாகவும், தன் சொந்தக் கருத்தைச் சொல்லிக் கடையை மூடிக்கொள்ள விருப்பமில்லை என்றும் வாக்குமூலம் கொடுத்தார். பால்காரம்மாவிடமும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "யார் மேல தப்புன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க ஐயா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். அறிக்கை எழுதுவேன் என்றேன். "எழுதுங்க. பாத்திரத்தை நேராப் பிடிங்க, பால் சிந்துது" என்றார்.

முக்கியமான சாட்சி தானாகவே வீடு தேடி வந்தார். உங்கள் மாப்பிள்ளையோடு ஒரே பிரிவில் லாரி ஓட்டியவர். வலது கை தோளோடு போயிருந்தது. நம் பையன் போன அன்று காலை பாலத்தின் நடுவில் ஒரு லாரி பிரேக் இறுகி நின்றுவிட்டதாம். பின்னால் காயம்பட்டவர்கள் இருந்த வண்டிகள் பதினாறு. இவன் படுத்துக்கொண்டு அடியில் போனானாம். ரெண்டே நிமிஷம் என்று உள்ளேயிருந்து சொன்னானாம். குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நான் கேட்டேன். ஏனென்றால், சம்பந்தி, அது தெரிந்தால் நம் வழக்கு அன்றைக்கே முடிந்துவிடும். அந்தப் பக்கத்திலிருந்து என்றால் நான் சொன்னது சரி, இந்தப் பக்கத்திலிருந்து என்றால் நீங்கள் சொன்னது சரி. அவர், "மேலேருந்து வந்துச்சு ஐயா" என்றார். நான் விடவில்லை. கோணம் தெரிந்தால் திசையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லி, காகிதத்தை முன்னால் வைத்து, வரைந்து காட்டச் சொல்லிப் பென்சிலை நீட்டினேன். அந்த மனிதர் அதை வாங்கத் தோளை அசைத்தார். அசைத்த பிறகுதான் கை இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது, எனக்கும்தான். என் மனைவி பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "இவரை விடுங்க, நீங்க சாப்பிடுங்க தம்பி" என்று அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

ஆகவே விசாரணை முடிவு பின்வருமாறு. எதிர்த்தரப்பு அரசாங்கம் நாற்பத்தைந்து சதவீதம். நம் அரசாங்கம் இருபது. உங்களுக்காகத்தான் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறேன், பத்திலேயே நிறுத்தியிருப்பேன். பத்திரிகைகளும் ரேடியோக்களும் பத்து, இதில் மாடிவீட்டு ரேடியோ மட்டும் தனியாக இரண்டு. ஆயுதம் விற்றவர்கள் எட்டு. வரைபடத்தில் அந்த எல்லைக் கோட்டை இழுத்த நில அளவையாளர் ஏழு, காலமாகிவிட்டதால் விளக்கம் பெற இயலவில்லை. அன்று காலை அந்த வண்டிகளை அந்தப் பாலம் வழியாக அனுப்பிய அதிகாரி ஐந்து. மீதி ஐந்து சதவீதம் உங்களுக்கு. கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆதாரம் இருக்கிறது. அவன் புறப்பட்ட அன்று ரயில் நிலையத்தில் அத்தனை பேர் முன்னால் அவன் தோளைத் தட்டி, "மாப்பிள்ளைக்கு இந்த உடுப்பு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்றீர்கள். அதைக் கேட்டு அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான், நான் பார்த்தேன். அழைப்பாணை வந்தது, போனான், அதில் குடும்பத்தார் யாரும் எதுவும் செய்வதற்கு இருக்கவில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் வண்டி இறக்கத்தில் போகும்போது பின்னாலிருந்து தள்ளிவிடக் கூடாது. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், சரியாக நூறு.

இந்த முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டு, ஐந்து சதவீதத்துக்கு உரியவர் என்ற முறையில் மருமகளையும் பேத்தியையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கு கொண்டுவந்து விடும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். உப்பு ஆளுக்கொரு கிண்ணம் வைக்கச் சொல்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குட்டிக்கு ஆயிரம் முத்தம், தாத்தா கொடுத்தது என்று சொல்லிக் கொடுங்கள், உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். வேண்டியவர் வேண்டாதவர் எல்லோரும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்ற பிரார்த்தனையோடு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
விபத்து விசாரணை அலுவலர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் வந்தாள். குழந்தையின் பள்ளிக்கூட ஷூவை எடுத்துப் போக வந்தாளாம். அப்பா அனுப்பி வைத்தாரா என்று கேட்டேன். "அப்பாவா? நான் அங்க இல்லையே மாமா" என்றாள். அவள் வேலை பார்க்கும் கண் மருத்துவமனைக்கு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டு, பதினோரு நாளாக அவளும் குழந்தையும் அங்கேதான் இருக்கிறார்கள். அவள் உங்களிடம் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இங்கே இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டு, நான் முதலில் கூப்பிட வேண்டும் என்று அங்கே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களாம். சம்பந்தியம்மாளுக்குத் தெரியும், தினமும் போனில் பேசுகிறார். என் மனைவிக்கும் தெரியும், தினமும் மத்தியானம் சாப்பாடு கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறாள். நம்மிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நாம் கேட்கவில்லை. தாயும் பிள்ளையும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாத நாம்தான் பாலத்தை முதலில் பிடித்தது யார் என்று தீர்ப்புச் சொல்லக் கிளம்பினோம்.

மேசையில் கிடந்த இந்தக் கடிதத்தை அவள் நின்றபடியே முழுக்கப் படித்தாள். சதவீதங்கள் இருக்கும் இடத்துக்கு வந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எல்லாரும் இருக்காங்க. நீங்க எங்க மாமா?" என்றாள். நான் விசாரணை அலுவலர், கடைசியில் கையெழுத்துப் போடுகிறவன் என்றேன். "அவர் உங்ககிட்ட வந்து கேட்டாரே" என்றாள்.

சம்பந்தி, மேலே நான் எழுதியது பொய். குடும்பத்தார் யாரும் எதுவும் செய்வதற்கில்லை என்றேன், இருந்தது. டிப்போவில் பிரேக் ஃபிட்டர் அத்தியாவசியப் பணி என்று எழுதிக் கொடுத்தால் அழைப்பாணையை ரத்து செய்வார்கள். மூன்று பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள். மேலாளர் எனக்குக் கீழே வேலை பழகியவர், நான் ஒரு வார்த்தை சொன்னால் நான்காவதாக இவனுக்கும் எழுதியிருப்பார். அவன் என் முன்னால் வந்து நின்று, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்ப்பா" என்றான். "முப்பத்தோரு வருஷம் யாருக்கும் சிபாரிசு பண்ணினதில்லை. உனக்காகப் பண்ணினா என் பேர் என்னாகும்?" என்றேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன், அந்த அளவுக்கு என் பெயர் மேல் எனக்கு மயக்கம்.

அதை உங்கள் மகளிடம் வாய்விட்டுச் சொன்னேன். "எனக்குத் தெரியும். அன்னைக்கே வந்து சொன்னார்" என்றாள். தெரிந்தும் நான்கு மாதம் எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள். என் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. நிறைய இருக்கு. ஆனா நான் போனது அதுக்காக இல்ல மாமா. நாலு மாசமா ஞாயித்துக்கிழமை ஆனா நீங்களும் அப்பாவும் போரைப் பத்திப் பேசறீங்க. ஒரு நாளாவது அவரைப் பத்திப் பேசினீங்களா? அவ அப்பா எப்படிச் சிரிப்பார்னு குட்டி கேக்கறா. நான் ஒருத்தியே எவ்வளவு சொல்றது?" என்றாள். அழாமல்தான் சொன்னாள். நான்தான் அழுதேன்.

ஆகவே மேலே உள்ள ஐந்து சதவீதத்தை ரத்து செய்கிறேன், மற்ற தொண்ணூற்றைந்தைப் பற்றியும் எனக்கு இப்போது ஒன்றும் தெரியாது. அவர்களைத் திருப்பி அனுப்பும்படி கேட்டதையும் ரத்து செய்கிறேன். இங்கே வருவதா, வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாம் இருவரும் அவள் அறைக்குப் போகலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறாள். போரைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் இருவரையும் படி இறக்கிவிடுவாளாம். அவனைப் பற்றித்தான் பேச வேண்டும், குட்டி கேட்பாள்.

அவள் ஷூவை எடுத்துக்கொண்டு போனபின் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், சம்பந்தி. முப்பத்தோரு வயதுப் பிள்ளை. என் முன்னால் வந்து நின்று கேட்டதும், "சரிப்பா" என்று திரும்பிப் போனதும் தவிர வேறொன்றும் எனக்கு ஞாபகம் வர மாட்டேன் என்கிறது. நீங்கள் அவனோடு நிறையச் சிரித்துப் பேசியவர். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அதை எனக்கும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.